இரண்டு கால், இரண்டு பெடல்

அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்ளாமல் முந்நூற்று ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு அப்பா போனைத் துண்டித்தார். அதற்கு அடுத்த வாரச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு இருவரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில், ஒரே காரின் இரண்டு பக்கங்களில் நின்றார்கள். நடுவில் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் நான்.

கார் தரையில் இல்லை. இரண்டு இரும்புத் தூண்கள் அதைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தன. பன்னிரண்டு வயதான ஜெர்மன் கார், கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். கறுப்பு நிறம், தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் சத்தமே வராது. ஆறு மாதத்துக்கு முன்னால் மாமா அதை அப்பாவுக்கு விற்றார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எந்தப் பொருளையும் இரண்டு மூன்று வருடம் அனுபவித்துவிட்டு உறவுக்காரர்களுக்கு விற்பது அவர் வழக்கம். எங்கள் வீட்டு சோபா அவருடையது, வாஷிங்மெஷின் அவருடையது, நான் இப்போது கட்டியிருக்கும் கைக்கடிகாரமும் அவருடையது. எதை விற்றாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "வெண்ணெய் மாதிரி இருக்கும் அத்தான்." காரை விற்றபோது கியர்பாக்ஸைப் பற்றியும் அதையே சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்ணெய் கெட்டது. வழக்கமான பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றில் ஒன்பதாவது கிலோமீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மூன்றாவது கியருக்கு மேல் ஏறவில்லை. பிறகு இரண்டாவதும் இல்லை. எங்கள் தெருமுனைக்கு வந்தபோது முன்பக்கம் போகும் கியர் ஒன்றுகூட மிச்சமில்லை. ரிவர்ஸ் மட்டும் வேலை செய்தது. அப்பா தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் நானூறு மீட்டரை ரிவர்ஸிலேயே ஓட்டி வந்தார். எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, "என்ன சார், போனதைத் திருப்பிக் கொண்டுவர்றீங்களா?" என்று கேட்டார். அப்பா உள்ளே வந்து செருப்பைக் கழற்றாமலே மாமாவுக்குப் போன் செய்தார்.

"நீ காரை வித்தியா, இல்ல என்னை வித்துட்டியா?"

அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னார் என்று தெரியாது. அப்பா சொன்னது மட்டும் கேட்டது. "ஒர்க்‌ஷாப்ல எல்லார் முன்னாடியும் திறந்து பாப்போம். உன் காலத்துலயே கெட்டதுன்னு தெரிஞ்சுதுன்னா, வண்டியைத் திருப்பி எடுத்துக்க. அப்புறம் என் வீட்டு வாசல் பக்கம் வராத."

அம்மா அப்போது ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி விரலில் குத்திவிட்டது.

விஷயம் என்னவென்றால், கியர்பாக்ஸைக் கெடுத்தது மாமா இல்லை. அம்மா.

அப்பா கட்டட வரைபடம் வரைகிறவர். வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில்தான் அலுவலகம் போவார். அங்கே நிறுத்துமிடம் குறுகல், யாராவது கீறிவிடுவார்கள் என்று பயம். கார் வீட்டில் உறை போட்டு நிற்கும். உறை அம்மா தைத்தது. டேப்பை எடுத்துப்போய்ச் சட்டைக்கு அளவெடுப்பதுபோலக் காருக்கு அளவெடுத்தாள். பக்கக் கண்ணாடிகளுக்குத் தனியாகக் கைவைத்துத் தைத்தாள். அளவெடுத்த அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "ஏண்டி, இதை ஓட்டறது கஷ்டமா?" என்றாள்.

எனக்கு லைசென்ஸ் உண்டு. நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் மதிய ஷிப்ட். இரண்டு மணிக்குப் போனால் போதும். அதனால் செவ்வாயும் வியாழனும் காலை பத்தரைக்குக் காரை வெளியே எடுத்தோம். மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் லாரிகள் திரும்புவதற்கான பெரிய சிமெண்ட் தரை இருந்தது. அதுதான் எங்கள் பள்ளிக்கூடம்.

அப்பாவிடம் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். இருபது வருடத்துக்கு முன் பழைய காரில் ஒரே ஒரு மதியம் கற்றுக்கொடுத்திருக்கிறார். போகும்போது ஒன்றாகப் போனவர்கள் திரும்பும்போது தனித்தனியாக வந்தார்கள். "உனக்குக் கையும் காலும் ஒத்து வராது" என்று அன்று சொன்னதை இன்றுவரை யார் வந்தாலும் சொல்வார்.

எங்கள் இருவருக்கும் வேலை பிரித்துக்கொண்டோம். உறையை மடிப்பு மாறாமல் திரும்பப் போடுவது அம்மா. பெட்ரோல் என் பொறுப்பு. அப்பா கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, பெட்ரோல் முள்ளை மட்டும்தான் பார்ப்பார். கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, முள் ஞாயிற்றுக்கிழமை இருந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்துவேன். மூன்று வருடம் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டைப் பிடித்து நின்ற கைக்கு அது பெரிய வேலை இல்லை.

தவறு வேறிடத்தில் நடந்தது. நான் பயத்தில் எதிரில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் காலைப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஏதோ கருகும் வாடை வந்தது. குனிந்து பார்த்தேன். அம்மாவின் வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. இடது கால் பிரேக்கில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டிருந்தன.

"என்னம்மா பண்ற?"

"ஏன்? ரெண்டு பெடல் இருக்கு. ரெண்டு கால் இருக்கு."

முப்பது வருடம் கால் மிஷினில் தைத்தவள். இரண்டு காலும் சேர்ந்து வேலை செய்தால்தான் அவளுக்கு ஒரு வேலை நேராக நடக்கும். ஒரு காலைச் சும்மா வைத்திருப்பதை அவள் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தாள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் முன்னே இழுக்கும், சக்கரம் நகராது. நடுவில் மாட்டிக்கொண்ட கியர்பாக்ஸ் வேகும். மூன்று மாதம் அது வெந்துகொண்டிருந்தது.

அன்று முதல் அம்மாவின் இடது காலை இருக்கைக்கு அடியிலிருந்த கம்பியோடு துணிப்பட்டையால் கட்டினேன். நான்கு வாரத்தில் கட்டை அவிழ்த்தோம். கால் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஓட்டியதைப் பற்றிச் சொன்னால் மகள் என்பதால் சொல்கிறேன் என்பீர்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தால் சிந்தாது. அவ்வளவுதான்.

வருகிற புதன்கிழமை அவளுக்கு லைசென்ஸ் சோதனை, டிரைவிங் ஸ்கூலின் ஆட்டோமேட்டிக் காரில். அவள் திட்டம் மிகச் சுருக்கமானது. காரும் சரியாகி லைசென்ஸும் வந்ததும் அதை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். "நூல்கண்டு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். அப்பாவின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பார்க்காமல் போவதைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தாள்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும் முன் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"பழி தம்பி மேல விழுந்தா சொல்லிடுவேன். எனக்கு இருக்கறது ஒரு தம்பி. விழலைன்னா வாயைத் திறக்க மாட்டேன். புதன்கிழமை வரைக்கும் நீயும் திறக்காத."

"நான் எப்பம்மா திறந்திருக்கேன்?"

"அதுவும் சரிதான்."

மூன்று பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஒர்க்‌ஷாப்பில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்தாவது ஆளை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கியர்பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பார். காரின் வயிற்றுக்கு அடியில் ஒரு தட்டை வைத்து, ஒரு போல்ட்டைக் கழற்றினார். எண்ணெய் வடிந்தது. சிவப்பாக இருந்திருக்க வேண்டியது, ஆறிப்போன காபி டிகாக்‌ஷன்போல வந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார்.

"தீஞ்சிருக்கு. இது எப்ப மாத்தினது?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா காரைப் பார்த்தார்.

"மாத்தினதில்ல," என்றார் மாமா. "மாத்தவே வேண்டாம்னுதான் புக்குல போட்டிருக்கான். ஆயுள் முழுக்க வருமாம்."

"யாரோட ஆயுள்னு போட்டிருக்கா?" என்றார் டாக்டர்.

"அதைப் போடலை."

"வண்டியோட ஆயுள்னா சரியாத்தான் சொல்லியிருக்கான். எண்ணெய் முடிஞ்ச அன்னிக்கே வண்டியும் முடிஞ்சிருச்சு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. முந்நூற்று ஐந்து மணி நேரத்தில் முதல் முறையாக. "கேட்டியா?" என்று அம்மாவிடம் சொன்னார். மாமாவிடம் நேரடியாகப் பேசவில்லை. "பன்னெண்டு வருஷ வண்டிக்கு உன் தம்பி எண்ணெயே மாத்தலையாம். தலைக்கு மட்டும் தவறாம மை போட்டுக்கறான்."

"அக்கா, அத்தான் கிட்ட சொல்லு. என் தலையை இழுக்க வேண்டாம்."

"சரி பண்ண எவ்வளவு ஆகும் டாக்டர்?" அப்பா கேட்டார். ஏற்கெனவே தெரியும். மாமா காதில் விழவேண்டும் என்று கேட்டார்.

"உள்ள கியரைப் பிடிக்கற தட்டு எல்லாம் போயிருக்கும். எண்ணெயைப் பிரிச்சு அனுப்பற வால்வு பாடி போயிருக்கும். அந்த ஒரு கியர் பெட்டிக்கு, நீங்க இந்த வண்டி வாங்கின விலையில முக்கால்வாசி ஆகும். புது வண்டியா இருந்தப்ப இது பணக்காரன் வண்டி. பழசானதும் விலைதான் சார் இறங்குது, சாமான் விலை இறங்கறதில்ல."

"எடுத்துக்க," என்றார் அப்பா, காற்றைப் பார்த்து. "வண்டியை எடுத்துக்க. சோபாவையும் எடுத்துக்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். புதன்கிழமை போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருங்க இருங்க," என்றார் டாக்டர். "எண்ணெய் மாத்தாதது ஒரு தப்பு. ஆனா அதுல இப்படித் தீயாது. யாரோ வறுத்திருக்காங்க. பெட்டிக்கே ஒரு மூளை இருக்கு, அதைக் கேட்டா சொல்லும். ஜெர்மன்காரன் மன்னிக்கவும் மாட்டான், மறக்கவும் மாட்டான். எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பான்."

காரைக் கீழே இறக்கினார். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகி, ஒரு பழைய லேப்டாப்பை பானட்டின் மேல் வைத்தார். கீறிவிடாமல் இருக்க அப்பா தன் கைக்குட்டையை அதற்கு அடியில் விரித்தார். திரையில் வரிசை வரிசையாக எண்கள் ஓடின. ஒரு இயந்திரம் குறிப்பேடு வைத்திருக்கும் என்று அறிவியல் படித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெட்ரோல் முள்ளைத் திருத்தினேன், இதைத் திருத்தவில்லை.

"நேரம் தேதி எல்லாம் இல்ல. கிலோமீட்டர் மட்டும்தான் இருக்கு," என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. "விக்கறப்ப எவ்வளவு ஓடியிருந்தது?"

மாமா சட்டைப்பையிலிருந்து விற்பனைக் காகிதத்தை எடுத்தார். தயாராக வந்திருந்தார். "ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு."

"அதிகச் சூடு, நாப்பத்தியொரு தடவை. முதல் தடவை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து இருநூத்தி நாப்பதுல."

மாமா மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் ருசித்து, "அப்ப, வித்ததுக்கு அப்புறம்," என்றார்.

"வித்ததுக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணுகூட இல்ல. நாப்பத்தியொரு தடவையும் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் ஒண்ணா அமுங்கியிருக்கு. ரெண்டு காலால ஓட்டியிருக்காங்க."

"அக்கா," என்றார் மாமா, "அத்தான் கிட்ட கேளு. அந்த ரெண்டாவது கால் யாரோடது?"

"டாக்டர், நான் இருபத்தாறு வருஷமா வண்டி ஓட்டறேன்," என்றார் அப்பா. காது சிவந்துவிட்டது. "இருங்க, எல்லாம் சேத்து எவ்வளவு ஓடியிருக்கு?"

"எழுநூத்தி எண்பது."

"எழுநூத்தி எண்பதா? ஞாயித்துக்கிழமை மட்டும்தானே எடுக்கறேன். ஆறு மாசம்னா இருபத்தாறு ஞாயிறு, இருபத்தாறு பன்னெண்டு..." அப்பா விரல்களை மடக்கத் தொடங்கினார். அளவுகோலோடு பிழைப்பு நடத்துகிறவர். கணக்கு முந்நூற்றுப் பன்னிரண்டில் வந்து நிற்கும், மிச்சம் யாருடையது என்று கேட்கும். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"கிலோமீட்டரை விடுங்க அத்தான்," என்றார் மாமா. "காலை எண்ணுங்க."

விரல்கள் நின்றன. மாமாவை அன்று நான் மனதார வாழ்த்தினேன்.

"வீட்டுல வேற யாராவது ஓட்டுவாங்களா?" டாக்டர் கேட்டார்.

"பாப்பாவுக்கு லைசென்ஸ் இருக்கு. ஆனா அவளுக்கு ஹாரன் அடிக்கவே கூச்சம். ரோட்டுல மாடு நின்னா அது வேலை முடிஞ்சு போற வரைக்கும் காத்துக்கிட்டிருப்பா."

நான் தரையைப் பார்த்தேன்.

"அவங்க?" டாக்டர் அம்மாவைக் காட்டினார்.

"யாரு, இவளா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவளுக்குக் கையும் காலும் ஒத்து வராது டாக்டர்."

"அக்காவா?" என்று மாமாவும் சிரித்தார். "அக்கா முன்சீட்டுல உக்காந்தாலே கண்ணை மூடிக்குவா."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். முந்நூற்று ஐந்து மணி நேரப் பகை அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது. அப்பா மாமாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. திரையை இன்னும் கீழே தள்ளினார். "இங்க ஒரு வேடிக்கை பாருங்க. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூத்திப் பத்துக்கு அப்புறம் ஒரு சூடுகூட இல்ல. கடைசி முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்ல ஒரு தடவைகூட ரெண்டு பெடலும் ஒண்ணா அமுங்கலை. அதுல பாதிக்கு மேல ஒரே மாதிரி ஓட்டம். வண்டியைக் குலுக்காம எடுத்திருக்காங்க, குலுக்காம நிறுத்தியிருக்காங்க. அதுக்கு நடுவுல அங்கங்க கொஞ்சம் வெடுக்குவெடுக்குன்னு இருக்கு, அதை விடுங்க. மத்தது தங்கமான கை. பெட்டி ஏற்கெனவே வெந்து போனதால செத்துப்போச்சு. இல்லைன்னா இந்தக் கைக்கு இன்னும் அஞ்சு வருஷம் உழைச்சிருக்கும்."

சொல்லிவிட்டு அவர் யாரையும் பார்க்கவில்லை. லேப்டாப்பின் மூடியைத் துடைத்தார்.

அப்பா நிமிர்ந்து நின்றார்.

"அது வேற ஒண்ணுமில்ல டாக்டர்," என்றார். குரல் கனிந்திருந்தது. "ஆரம்பத்துல புது வண்டி, பழக்கமில்ல. ஏதோ நாப்பது தடவை கால் பட்டிருக்கும், யாருக்கும் வர்றதுதான். அப்புறம் வண்டியைப் புரிஞ்சுக்கிட்டேன். அந்தத் தங்கமான கை என்னுதுதான்."

"அத்தான் கைன்னா சும்மாவா?" என்றார் மாமா. ஜெயித்த மனிதர் தாராளமாக இருப்பார். "எண்ணெய் மாத்தாதது என் தப்பு, ஒத்துக்கறேன். செலவுல பாதி நான் போட்டுக்கறேன். சோபா உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அதை விடு மாப்ள. நீ ராத்திரி சாப்பிட வா."

எல்லாம் முடிந்துவிட்டது. மாமா தப்பித்தார். அப்பா சந்தோஷமாக இருந்தார். கிலோமீட்டர் கணக்கை யாரும் நினைக்கவில்லை. புதன்கிழமைக்கு நான்கே நாள். அம்மா செய்ய வேண்டியது ஒன்றுதான், சும்மா இருப்பது. நான் அவள் முழங்கையைத் தொட்டு வாசல் பக்கம் லேசாக இழுத்தேன். அவள் நகரவில்லை. கழுத்தின் ஓரம் ஒரு நரம்பு எழுந்து நின்றது. யாராவது துணி கொடுத்துவிட்டு வேறொரு தையல்காரியின் வேலையைப் புகழும்போதும் அது அப்படித்தான் எழும்.

"எப்படி சார் அவ்வளவு மெதுவா நிறுத்தறீங்க?" டாக்டர் கேட்டார். குரலில் மரியாதை இருந்தது. கண்ணில் இல்லை.

"அதெல்லாம் சொல்லிக்கொடுத்து வர்றதில்ல," என்றார் அப்பா. "பிறவியிலயே இருக்கணும்."

"ஏங்க," என்றாள் அம்மா.

அப்பா திரும்பினார். மாமா திரும்பினார். டாக்டர் துடைப்பதை நிறுத்தினார்.

"அது நீங்க இல்ல. அந்த வெடுக்குவெடுக்குதான் நீங்க. பெட்டியை வேக வெச்சதும் நான், அப்புறம் தங்கமா ஓட்டினதும் நான். ஆறு மாசமா செவ்வாயும் வியாழனும் இந்த வண்டியை நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."